பால்காய்ச்சி அண்ணன் வேறு போன கதை

பிள்ளைகளை எந்த இடத்தில் வைத்து வளர்ப்பது என்ற கேள்வியை, மனித இனம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை எங்கள் பால்காய்ச்சி அண்ணனைப் போல யோசித்த ஆள் இன்னொருவர் கிடையாது. ஆதிமனிதன் ஒரு குகையைப் பார்த்தான். மழை உள்ளே வரவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டான். அண்ணனாக இருந்தால் குகை வாசலில் நின்றுகொண்டு, "காத்தோட்டம் பத்தாதே. கூட விளையாட அக்கம்பக்கத்துல பிள்ளைக இருக்கா? சிங்கம் எந்தப் பக்கமா வரும்?" என்று விசாரித்துவிட்டு அடுத்த மலைக்குப் போயிருப்பார். அங்கே ஒரு மழைக்காலம் இருந்துவிட்டு, பழைய குகையே தேவலை என்று திரும்பியும் வந்திருப்பார்.

அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய கடைப் பலகையிலேயே இருக்கிறது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிற கடை. ஆனால் கரண்ட் போனால் காரைக்குடியில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "பால்காய்ச்சி கடைக்கு ஒரு போன் போடு" என்றுதான் சொல்வார்கள்.

குடி போகிற வீட்டில் முதல் காரியமாகப் பால் காய்ச்சுவது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். சாதாரண மனிதர்கள் கல்யாணமான புதிதில் ஒரு தடவை, சொந்த வீடு கட்டினால் ஒரு தடவை என்று அடக்கமாகக் காய்ச்சுவார்கள். அண்ணன் ஏறக்குறைய ஒவ்வொரு கோடை லீவிலும் காய்ச்சினார். இத்தனைக்கும் அவர் ஒருநாளும் காரைக்குடியை விட்டுப் போனதில்லை. ஊருக்குள்ளிருந்து ஊருக்கு வெளியே போவார். வெளியேயிருந்து உள்ளே வருவார். அவ்வளவுதான் அவருடைய உலகம்.

ஊருக்குள் என்றால் செக்காலைப் பக்கம், பஸ் ஸ்டாண்டு இரைச்சல் கேட்கிற எங்கள் தெரு. மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீடு, சொந்தக்காரர் சென்னையில்; மாடி காலியானாலும் வேறு ஆள் தேட மாட்டார். கீழே நாங்கள், மாடியில் அண்ணன் குடும்பம். ஊருக்கு வெளியே என்றால் பைபாஸைத் தாண்டி, கோவிலூர்ப் பக்கம் புதிதாக முளைத்த நகர்கள். ஒவ்வொரு நகருக்கும் முகப்பில் ஆர்ச் இருக்கும். பூங்கா என்று பலகை நட்ட இடத்தில் கருவேல மரம் இருக்கும். வீடுகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். சென்னைக்காரர்கள் இந்தத் தூரத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் சிக்னலில் நிற்கிற நேரத்தில் நாங்கள் போய்த் திரும்பிவிடுவோம். ஆனாலும் பைபாஸைத் தாண்டிவிட்டால் எங்களுக்கு அது வெளியூர்தான். அங்கே குடியிருப்பவர்களிடம் "எப்ப ஊருக்கு வந்தீக?" என்று கேட்கிற ஆட்கள் நாங்கள்.

அண்ணன் முதன்முதலாக வெளியே கிளம்பியதற்குக் காரணம் அவர் மகன் கண்ணப்பன். அவனுக்கு மூத்தவள் தேனு என்கிற தேனம்மை. அவள் ஒழுங்காக எங்கள் ஊர் வழக்கப்படி அம்மாவை ஆத்தா, அப்பாவை அப்பச்சி என்றுதான் பேச ஆரம்பித்தாள். கண்ணப்பனுக்குப் பேச்சு வருகிற சமயம் ஒருநாள் அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு பதறியடித்து என்னிடம் ஓடி வந்தார்.

"தங்கச்சி, பய என்ன சொல்றான்னு நீயே கேளு."

பையன் வாயைக் குவித்து, "பாம்... பாம்..." என்றான்.

"பெத்தவளக் கூப்பிடல, என்னயக் கூப்பிடல. திருப்பத்தூர் பஸ் மாதிரி ஆரன் அடிக்கிறான். இவன இந்தத் தெருவுல வச்சு வளத்தா நாளைக்கு என்னத்துக்கு ஆவான்?"

பின்னாலேயே இறங்கி வந்த அவர் மனைவி சாலா ஆச்சி, "எல்லாப் பிள்ளையும் மொத மொத அப்படித்தான் ஏதாச்சும் சொல்லும்" என்றார்.

"எல்லாப் பிள்ளையும் ஆரன் அடிக்கும். இவன் ஏர் ஆரன் அடிக்கிறான். வித்தியாசம் இருக்கு, நல்லாக் கேளு."

அடுத்த நல்ல நாளில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வாசலில் வந்து நின்றது.

சாலா ஆச்சியின் சாமான்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆச்சிமார் வீடுகளில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது, அவள் ஆயுசுக்கும் ஒரு கரண்டிகூடக் கடையில் வாங்கக் கூடாது என்ற வைராக்கியத்தோடு சாமான் கொடுப்பார்கள். பித்தளை அண்டா, எவர்சில்வர் அடுக்கு, பூப்போட்ட எனாமல் தூக்கு, வாழ்நாளில் ஒருமுறைகூட உபயோகப்படாத ராட்சசக் குத்துவிளக்கு என்று ஆச்சிக்கு வந்தவை கொஞ்சமல்ல. பெரிய பெரிய வீடுகளை நினைத்துக் கொடுத்த சாமான்கள் அவை. எங்கள் மாடி போர்ஷனில் அவை இருந்த இடம் போக மீதி இடத்தில்தான் மனிதர்கள் இருந்தார்கள். அத்தனையையும் ஆச்சி துணி சுற்றிக் கட்டினார்.

நகருக்குப் போய் இறங்கினோம். நானும் உதவிக்குப் போயிருந்தேன். சாமி படம், விளக்கு, மஞ்சள், குங்குமம் எல்லாம் இருந்தன. பால் இல்லை. அண்ணன் எதை வேண்டுமானாலும் யோசிப்பார், பாலை யோசிக்கவில்லை. அந்த நகரில் கடையும் இல்லை. அவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ப் பால் வாங்கி வருவதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. பால் காய்ச்சாமல் உள்ளே சாமான் போகக் கூடாது என்று ஆச்சி சொல்லிவிட்டார். வண்டிக்காரர் தனக்கு வேறு சவாரி இருக்கிறது என்று எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்டா, தூக்கு, குத்துவிளக்குகளுக்கு நடுவே, கருவேல நிழலில் கட்டிலைப் போட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது கோவிலூர்க் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு கார் எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. அதிலிருந்து ஒரு வெள்ளைக்கார ஜோடி இறங்கியது. காரைக்குடியில் பழைய சாமான் கடைகளைத் தேடி வருகிறவர்கள் அதிகம். அவர்கள் நேராக வந்து ஆச்சியின் எனாமல் தூக்கை எடுத்து, திருப்பி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்து, என்ன விலை என்று கேட்டார்கள். ஆச்சி பார்த்த பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தூக்கை வைத்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் காற்று நன்றாக வந்தது. மயில்கள் வந்தன. தூக்கம்தான் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அந்த அமைதியைப் பார்த்து மிரண்டுபோய், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குள் போய், போனை உயர்த்திப் பிடித்து, அங்கிருந்த சத்தம் முழுவதையும் பதிவு செய்துகொண்டு போனார். அதைத் தலைமாட்டில் வைத்து ஓடவிட்டார். "தேவகோட்டை, தேவகோட்டை, தேவகோட்டை. ஏறுங்க, உள்ள போங்க. படியில நிக்காதீக" என்று கண்டக்டர் கத்துவதைக் கேட்டதும் இரண்டு பிள்ளைகளும் நிம்மதியாகக் கண்ணை மூடினார்கள்.

பக்கத்து வீட்டில் ரிட்டயர்டு சர்வேயர் ஒருவர் இருந்தார். அந்த நகரிலேயே அண்ணனுக்கு அடுத்த குடித்தனம் அவர்தான். அவர் இரண்டாம் நாள் கையில் மஞ்சள் பையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "நம்ம நகருக்கு பஸ் விட்டுட்டாகளா? எங்குட்டு நிக்கிது?" என்று கேட்டாராம்.

அங்கே தேனுவோடு விளையாட ஒரு பிள்ளை இல்லை. அந்தச் சர்வேயர்தான் பாவம் பார்த்து அவளோடு கண்ணாமூச்சி விளையாடினார். ஒருநாள் அவர் முறை வந்தபோது போய் ஒளிந்துகொண்டார். தேனு தேடினாள். ஆச்சி தேடினார். கடைசியில் சர்வேயரின் மனைவியும் சேர்ந்து தேடினார். மனிதர் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்த இடத்திலேயே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அன்றைக்கு மனசு உடைந்துவிட்டது.

"பிள்ளை பிள்ளைகளோட வளரணும் தங்கச்சி. ரிட்டயர்டு ஆளோட வளந்தா சின்ன வயசுலயே பென்ஷனப் பத்திப் பேச ஆரம்பிச்சிரும்" என்று எங்கள் மாடிக்குத் திரும்பி வந்தார். பால் காய்ச்சி எங்களுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. வெளியே கிடைத்த நல்ல விஷயங்களை உள்ளேயும் கொண்டுவர வேண்டும் என்று, ஒரு டிராக்டர் செம்மண்ணை வரவழைத்து மொட்டைமாடியில் கொட்டினார். பிள்ளைகள் மண்ணில் புரள வேண்டுமாம். பிள்ளைகள் ஒருநாள் புரண்டார்கள். மறுநாள் மழை பெய்தது. செம்மண் அத்தனையும் கரைந்து சுவர் வழியாக இறங்கி, நான் கொடியில் போட்டிருந்த வெள்ளை வேட்டிகள் மேல் ஓடியது. என் வீட்டுக்காரர் ஒரு மாதம் காவி கட்டிக்கொண்டு ஆபீஸ் போனார். நான் அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒன் பிள்ளைகளும் வந்து விளையாடினாக தங்கச்சி. சளி பிடிச்சுச்சா? பிடிக்கலைல?" என்றார். யோசித்துப் பார்த்தால் பிடிக்கவில்லைதான். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அடுத்து எங்கள் முக்கில் ஒரு பரோட்டாக் கடை வந்தது. கொத்துப் பரோட்டா போடுகிற அந்தத் தாளம் இல்லாமல் கண்ணப்பன் வாய்ப்பாடு சொல்ல மறுத்தான். உடனே வெளியே போனார்கள். அங்கே குளியலறையில் சாரைப்பாம்பு வந்தது. உள்ளே வந்தார்கள். நடுவில் நடந்த போக்குவரத்தையெல்லாம் எழுதினால் பத்திரிகை தாங்காது. குட்டியானை டிரைவர் கோடை பிறந்தால் தானாகவே போன் செய்து, "அண்ணே, இந்தத் தடவ அங்குட்டா, இங்குட்டா?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

புதிதாகக் குடித்தனம் போடுகிறவர்கள் பேட்டரி வாங்க வந்தால் அண்ணனிடம் யோசனை கேட்பார்கள். ஊருக்குள் இருக்கிற வருஷம் ஊருக்குள்ளேதான் பிள்ளை வளர்க்க வேண்டும் என்று பேட்டரியின் மேல் அடித்துச் சத்தியம் செய்வார். "போன வருஷம் மாத்திச் சொன்னீகளேண்ணே" என்று ஒருவர் கேட்டுவிட்டார். "போன வருஷம் நான் அங்குட்டுல இருந்தேன்" என்றார் அண்ணன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

கடைசியில் இந்த ஓட்டத்துக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று அரியக்குடிப் பக்கம் சொந்தமாக வீடு கட்ட ஆரம்பித்தார். முழுக்க முழுக்கப் பிள்ளைகளுக்கான வீடு. ஜன்னல்களெல்லாம் தாழ்வாக இருந்தன, பிள்ளைகள் எட்டிப் பார்க்க. சுவிட்சுகளெல்லாம் முழங்கால் உயரத்தில் இருந்தன, பிள்ளைகள் யாரையும் எதிர்பார்க்காமல் விளக்குப் போட. கூடத்தில் ஊஞ்சல், வெளியே மணல் தொட்டி. ஒவ்வொரு கல்லையும் யோசித்து யோசித்து வைத்ததில் வீடு முடிவதற்குள் தேனு ஆச்சியின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். கிரகப்பிரவேசத்துக்குப் போன நாங்களெல்லாம் விளக்குப் போடுவதற்கு, நமஸ்காரம் செய்வது போல ஒவ்வொரு சுவர் முன்னாலும் குனிந்தோம்.

சமையலறை எங்கே என்று தேடினேன். ஊஞ்சலுக்கும் மணல் தொட்டிக்கும் போக மிஞ்சிய மூலையில் இருந்தது. ஆச்சி அதற்குள் நுழைந்து, ஒருமுறை திரும்பிப் பார்க்க முயன்று, திரும்ப இடமில்லாமல் அப்படியே பின்னால் நடந்து வெளியே வந்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கடைசியாக எங்கள் மாடிக்கு வந்திருந்த காலத்தில் சாலா ஆச்சி பலகாரம் போட ஆரம்பித்திருந்தார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை. முதலில் எனக்காகக் கொஞ்சம் சுட்டார். என் ஆபீஸில் சாப்பிட்டவர்கள் கேட்டார்கள். பிறகு கல்யாண வீடுகளில் கேட்டார்கள். ஆச்சியின் பெரிய இரும்புச் சட்டிக்கும் அண்டாவுக்கும் முதன்முதலாக வேலை கிடைத்தது. நாலு மணிக்கு எண்ணெய் வாசனை தெருவுக்கு வந்துவிட்டால், வாங்க வருகிற பெண்கள் வாங்கிவிட்டுப் போகாமல் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு பேசுகிறபோது ஆச்சி சிரிக்கிற சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அண்ணன் மட்டும் அதை, "சும்மா பொழுதுபோக்காச் செய்றா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள், சாமான் கட்ட நான் மாடிக்குப் போனேன். எதுவும் கட்டப்படவில்லை. ஆச்சி மாவு சலித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கயிறோடு நின்றுகொண்டிருந்தார்.

"நான் வரல" என்றார் ஆச்சி.

"சரி, நாளைக்கு வாரியா?"

"நாளைக்கும் வரல. எப்பவும் வரல."

அண்ணன் காற்றோட்டத்தைப் பற்றி ஆரம்பித்தார். ஆச்சி சல்லடையைக் கீழே வைத்தார்.

"பிள்ளைகளுக்கு எது நல்லது, எது நல்லதுன்னு இத்தனை வருஷமா வெளிய இழுத்தீக, உள்ள இழுத்தீக. நானும் கட்டினேன், அவுத்தேன், கட்டினேன். எனக்கு எது நல்லதுன்னு ஒரு வார்த்தை கேட்டீகளா?"

அண்ணன் உண்மையாகவே யோசித்தார். பிறகு, துளிக் கெட்ட எண்ணமில்லாமல், "ஒனக்குமா தனியா யோசிக்கணும்?" என்று கேட்டார்.

எனக்கு அங்கே நிற்கச் சங்கடமாக இருந்தது. தேனு அம்மா பக்கத்தில் வந்து நின்று, "அப்பச்சி, நாங்க ஆத்தாகூட இங்கயே இருக்கோம்" என்றாள். கண்ணப்பன் தலையை ஆட்டினான். மூன்று பேர் ஒரு பக்கம், கயிறோடு அண்ணன் ஒரு பக்கம்.

அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நான் வேறு போறேன்" என்றார்.

வேறு போவது என்பது எங்கள் ஊரில் சாதாரணப் பேச்சல்ல. செட்டிநாட்டு வீடுகளில் பிள்ளைக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பார்கள். சண்டையெல்லாம் கிடையாது. அதே பெரிய வீட்டுக்குள்ளேயே புதுசாகக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தனி அடுப்பு. பெற்றவர்களே நாள் பார்த்து, அரிசி பருப்பிலிருந்து அண்டா குண்டான் வரை கொடுத்து, இனி உன் குடும்பம் உன் பொறுப்பு என்று அடுப்பைப் பற்றவைத்துக் கொடுப்பார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சேர்த்து வைப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. அதைப் புருஷன் மட்டும் தனியாகச் செய்துகொள்கிறேன் என்று கிளம்பியது, எனக்குத் தெரிந்து இந்தச் சீமையிலேயே அண்ணன் ஒருவர்தான். மிரட்டினால் ஆச்சி பயந்துவிடுவார் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஆச்சி நிதானமாக, "நல்ல காரியம். நாள் பாக்கச் சொல்றேன்" என்றார்.

பார்த்தார். வளர்பிறையில் ஒரு புதன்கிழமை, முறை ஒன்றும் குறையாமல் அண்ணனை வேறு வைத்தார்கள். அரிசி, பருப்பு, மிளகாய், புளி, உப்பு எல்லாம் தனித்தனித் தூக்கில் போட்டு, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போனோம். எங்குட்டு என்று டிரைவர் கேட்டார். "அண்ணன் மட்டும் அங்குட்டு" என்று ஆச்சி சொன்னதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனுக்குப் புது வேட்டி சட்டை. பெண்ணில்லாத மாப்பிள்ளையாகக் கூடத்தில் நின்றார். ஆச்சி அந்தக் குறுகலான சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்து, கரண்டியை அண்ணன் கையில் கொடுத்து, "உப்பப் பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். நாங்கள் பைபாஸைத் தாண்டியிருக்க மாட்டோம், எனக்குப் போன் வந்தது.

"தங்கச்சி, சோத்துக்கு எத்தன விசில்?"

பக்கத்தில் ஆச்சி ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதன்பிறகு அண்ணன் தினமும் காலையில் பிள்ளைகளைப் பார்க்க என்று வருவார். சரியாக இட்லி வேகிற நேரத்துக்கு வருவார். ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படிச் செய்யவில்லை. "வாங்க, வாங்க. எப்ப வந்தீக? இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று விருந்தாளியை வரவேற்பது போல வரவேற்றார். நல்ல நாற்காலியை எடுத்துப் போட்டு, வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்னும்போது இன்னும் ஒரு இட்லி வைத்தார். சொந்த வீட்டில் வெள்ளி டம்ளரில் தண்ணீர் குடிக்கிற வேதனையை நான் அண்ணன் முகத்தில் பார்த்தேன். திட்டியிருந்தால்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் கிளம்பியதும் அவரும் கிளம்பிவிடுவார். "போயிட்டு வாங்க" என்று ஆச்சி வாசல்வரை வந்து சொல்வார். படியிறங்குகிறபோது அவர் தோள் தொங்கியிருக்கும். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இது பழகிவிட்டால் என்ன செய்வது? வேடிக்கையாகப் பேச ஆரம்பித்து இப்படியே பிரிந்துபோன குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆச்சி கொடுத்தனுப்பிய தேன்குழல் டப்பாவை எடுத்துக்கொண்டு நான் அரியக்குடி வீட்டுக்குப் போனேன். அண்ணன் தாழ்ந்த ஜன்னல் ஒன்றின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் தரையில் உட்கார்ந்தால்தான் எல்லாம் சரியாகத் தெரியும்.

"தங்கச்சி, தேனுவுக்கு எந்தக் காத்து ஒத்துக்கும்னு எனக்குத் தெரியும். கண்ணப்பனுக்கு எந்தத் தண்ணி ஒத்துக்கும்னு தெரியும். சாலாவுக்கு என்ன ஒத்துக்கும்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். ஒண்ணுமே தெரியல. கூடவேதான் இருந்திருக்கேன்" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது. ஆனால் அண்ணனிடம் இரக்கமாகப் பேசினால் அவர் உடனே காற்றோட்டத்துக்குப் போய்விடுவார். அதனால் அதட்டலாகவே சொன்னேன்.

"என்கிட்ட எதுக்குக் கேக்குறீக? போய் ஆச்சிகிட்டக் கேளுங்க."

"கேட்டாச் சொல்லுவாளா?"

"யோசிக்காம ஒரு தடவ கேட்டுத்தான் பாருங்களேன்."

அன்று நாலு மணிக்கே வந்துவிட்டார். மாடிப்படி நெடுகப் பலகாரம் வாங்க வந்த பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஏறினார். அடுப்பு முன்னால் நின்ற ஆச்சியிடம், தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்.

"சாலா, ஒனக்கு எது நல்லது?"

"அடுப்ப அணைச்சுட்டு வாரேன்" என்றார் ஆச்சி. அணைத்துவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்து, மேல்படியில் உட்கார்ந்தார். உட்காருவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் அண்ணனும் உட்கார்ந்தார்.

"எனக்கு மாடி வேணாம்" என்றார் ஆச்சி. "முட்டி போச்சு. மாவு, எண்ணெய் டின்னு, தண்ணிக் கேனுன்னு ஏத்தி ஏத்தி, இப்பப் படியப் பாத்தாலே அழுக வருது. தரையோட ஒரு வீடு வேணும். திரும்பி நிக்கிற மாதிரி அடுப்படி வேணும். வாசல்ல நாலு பேரு வந்து பேசணும். வேற ஒண்ணும் வேணாம்."

"அரியக்குடி வீடு தரையோடதான இருக்கு?"

"நாலு பேருக்கு எங்க போக? மயில்கிட்டயா சீப்புச் சீடை விக்க?"

அண்ணன் ஆச்சியின் முட்டியைப் பார்த்தார். "முட்டி வலிக்கிதுன்னு இத்தன நாளாச் சொல்லவே இல்லையே" என்றார்.

"சாமான் கட்டுற அவசரத்துல எங்க சொல்ல?"

அண்ணன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் நனைந்திருந்தது. வேர்வை என்று அவர் பிற்பாடு சொன்னார். "ரொம்ப வலிக்கிதா?" என்று கேட்டார். ஆச்சி ஆமாம் என்று தலையாட்டினார். படியில் நின்ற பெண்களில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சினார்கள். நான் தாராளமாகவே அழுதேன்.

அன்று இரவே அவர் எவர்சில்வர் டம்ளருக்குத் திரும்பிவிட்டார். மறுநாளிலிருந்து ஊருக்குள் தரைவீடு தேட ஆரம்பித்தார். பழைய வீடென்றால் வாசலுக்கே ஏணி வைக்கிற உயரத்தில் படிகள். புது வீடென்றால் கீழே காரை வைத்துவிட்டு மனிதர்கள் மேலே போய்விடுகிறார்கள். காரைக்குடி முழுவதும் அலைந்து, படி படியாக அளந்து, எதுவும் சரிப்படாமல் சோர்ந்துபோய் வருவார். வந்து எங்கள் வாசலில் நின்று பார்ப்பார். எங்கள் போர்ஷனுக்கு ஒரே ஒரு தாழ்வான படிதான்.

"அந்த மனுஷன் நம்ம வாசப்படியவே ஏன் மொறச்சு மொறச்சுப் பாக்குறாரு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்குக் காரணம் தெரியும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே போய்க் கேட்டேன்.

"அண்ணே, கீழ் வீட்ட எங்களுக்குக் குடு, நீ மேல போன்னு வாயத் தொறந்து கேட்டா என்ன?"

"எப்படித் தங்கச்சி கேக்குறது? ஒன் பிள்ளைகளுக்கு மாடிக் காத்து ஒத்துக்குமான்னு நான் இன்னும் யோசிச்சு முடிக்கலையே" என்றார்.

எனக்கு வந்த சிரிப்பில் கோபம் ஓடிவிட்டது. சென்னைக்குப் போன் போட்டு வீட்டுச் சொந்தக்காரரிடம் சொன்னோம். அவருக்கு யார் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். ஆச்சியின் அண்டாக்கள் இறங்கி வர, எங்கள் பீரோ ஏறிப் போக, மாடிப்படியில் ஒருநாள் முழுவதும் திருவிழாக் கூட்டமாக இருந்தது. அரியக்குடி வீட்டில் இப்போது ஒரு இளம் தம்பதி, தவழுகிற இரட்டைப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். வீடு முழுவதும் அந்தப் பிள்ளைகள்தான் விளக்குப் போட்டு அணைக்கிறார்களாம்.

கீழ் வீட்டை யாராவது விட்டுக்கொடுப்பார்களா என்று என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் என்னைத் திட்டுகிறார்கள். போன வாரம் நான் காய்கறிப் பையோடு படியேறிக்கொண்டிருந்தேன். அண்ணன் கீழே ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, ஒனக்கு முட்டி எப்படி இருக்கு? வலிச்சா உடனே சொல்லிரணும்" என்றார்.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன்மார் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.